தோற்றுக் கொடுத்தவருக்கும் விருது

தொழில்முறை மல்யுத்தத்தில் யார் வெல்வது என்பது கோதாவில் இறங்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. ஆகவே பட்டங்களை எண்ணி விருது கொடுப்பது, ஏற்பாட்டாளரின் பழைய முடிவுக்கே மறுபடி முத்திரை குத்துவதாகும். மல்யுத்த வீரரும் ஹாலிவுட் நடிகருமான மைக் மசுர்க்கி 1965-இல் தொடங்கிய காலிஃபிளவர் ஆலி கிளப், பழைய வீரர்களைக் கூட்டி விருது வழங்குகிறது. நலிந்தவர்களுக்கு உதவ நிதியும் வைத்திருக்கிறது. இத்தகைய கூடலில் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? தூக்கி எறியப்பட்டவர் தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுவதும் தரையில் படும்படி விழுந்தால்தான் எறிந்தவர் பலசாலியாகத் தெரிவார். எறிபவரின் பிடி பிசகினால் விழுபவரின் கழுத்துக்கே ஆபத்து. இந்த இருவர் திறமையையும் பட்டக் கணக்கு காட்டாது.

கூட்டம் சேர்த்தவர் நட்சத்திரம்தானே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அவருக்குக் கைதட்டலும் கூலியும் அன்றே கிடைத்துவிட்டன. விருதுக்குரியவரைச் சகாக்களே தேர்ந்தெடுத்தால் விருது வேண்டியவர்களுக்குப் போகாதா என்ற ஐயமும் நியாயமே. ஆனால் எதிராளியைக் காயமின்றி வீட்டுக்கு அனுப்பியவர் யார் என்பது உடன் மோதியவருக்குத்தான் தெரியும். தேர்வுக்கான காரணத்தை மேடையிலேயே சொல்லிவிட்டால் அந்த ஐயமும் பெருமளவு தீரும். வென்றவரை மட்டும் கொண்டாடும் விருது பாதி விருதுதான்.