புதைந்த வெகுளி



வெகுண்டவன் உள்ளம் தணிந்தால் வெகுளி தீர்ந்ததென்று நாம் எண்ணுகிறோம். அவ்வாறு தீராத வெகுளியும் உண்டு. அதனை லாவோஸ் நாட்டு மண்ணிற் காணலாம்.

பௌத்தர் மிகுதியாய் வாழும் சிறு நாடு அது. மக்களிற் பெரும்பாலோர் உழவர். 1964 முதல் 1973 வரை அமெரிக்க வானூர்திகள் அந்நாட்டின்மீது 20 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குண்டுகளைக் கொட்டின. கொத்துக்குண்டு என்னும் பெருங்கூட்டினுள் பந்தளவான சிறு குண்டுகள் நூற்றுக்கணக்கில் அடங்கியிருக்கும்; கூடு வானிற் பிளந்ததும் அவை எங்கும் சிதறும். அங்ஙனம் விழுந்தவை ஏறத்தாழ 27 கோடி. அவற்றுள் 8 கோடி வரை வெடிக்காமலே கிடந்தன என்று கணக்கிட்டுள்ளனர். போர் ஓய்ந்த பின்னரும் இவற்றால் மாண்டோரும் உறுப்பிழந்தோரும் 20,000 பேருக்கு மேலாவர்.

உழவன் ஏரை ஆழ ஊன்ற அஞ்சுகிறான். ஆழ உழாத நிலம் குறையவே விளைகிறது. வாய்க்கால் வெட்டவும் பள்ளிக்கூடம் எழுப்பவும் முதலில் மண்ணைச் சோதிக்க வேண்டும். தரையில் மூட்டிய அடுப்பின் சூட்டால் அடியிலிருந்த குண்டு வெடித்ததுண்டு. பசிக்குப் பழைய இரும்பு பொறுக்கச் சென்றவர் உயிரிழந்ததுண்டு. பந்தென்று கருதி எடுத்த குழந்தை கையை இழக்கின்றது. அச்சம் வறுமையை வளர்க்க, வறுமை மீண்டும் அம்மண்ணையே தோண்டச் செய்கின்றது.

இதனைக் கேட்டுச் சிலர், "எல்லாம் அக்குழந்தையின் முற்பிறப்பு வினை" என்பர். அன்பர்களே, இச்சொல் நமக்குப் புதிதன்று. நம் முன்னோரை ஊருக்குப் புறம்பே நிறுத்தியவரும் இதனையே கூறினர். மாந்தர் நுகர்வன யாவும் முன்வினையே என்னும் கொள்கையைப் பகவர் மறுத்தருளினார். துன்பத்திற்குக் காரணம் உண்டு என அவர் போதித்தது துன்புறுவோர்மேற் பழி சுமத்தவன்று. காரணத்தைக் கண்டு களையவே. ஈண்டுக் காரணம் மறைபொருளா? போட்டவர் யாரென அறிவோம். ஆண்டும் அளவும் அறிவோம்.

களைவோரும் உளர். கண்டறி கருவியைக் கையிலேந்தி, மண்டியிட்டு, சாண் சாணாக மண்ணைத் துழாவுகின்றனர். பெண்கள் மட்டுமே அடங்கிய குழுக்களும் அத்தொழில் செய்கின்றன. அடிதோறும் விழிப்போடிருக்கும் அவர் உழைப்பன்றோ நற்கடைப்பிடி! ஆனால் நொடியில் விதைத்ததை அகற்றத் தலைமுறைகள் வேண்டியுள்ளன.

ஆகவே, விதையாமையே அறம். கண்ணிவெடியை விலக்கும் உடன்படிக்கை 1997-லும், கொத்துக்குண்டை விலக்கும் உடன்படிக்கை 2008-லும் உருவாயின. அமெரிக்கா இவ்விரண்டிலும் சேரவில்லை. நம் இந்தியாவும் சேரவில்லை. கொல்லாமையைச் சீலமாக ஏற்ற நாம், சேர வேண்டுமென்று நம் அரசைக் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். ஐம்பதாண்டு கழித்துப் பிறக்கும் குழந்தையையும் காப்பதே மைத்திரி.

எல்லா உயிரும் அச்சமின்றி வாழ்க!