தமதல்லாத மந்தை

யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரம் நல்ல ஆயனையும் கூலிக்கு மேய்ப்பவனையும் எதிரெதிரே நிறுத்துகிறது. ஓநாயைக் கண்டதும் கூலியாள் ஓடிவிடுகிறான். ஆடுகள் அவனுக்குச் சொந்தமல்ல என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. பாஸ்காக் காலத்து நான்காம் ஞாயிறன்று ஆண்டுதோறும் இவ்வதிகாரத்தின் ஒரு பகுதியைத் திருப்பலியில் கேட்கிறோம். குருக்களுக்கும் ஆயர்களுக்கும் உரிய பகுதி இது என்று எண்ணி மற்றவர்கள் நிம்மதியாக அமர்ந்திருப்பது வழக்கம். அக்கூட்டத்தில் ஒரு கால்நடை மருத்துவர் இருந்தால் அவர் என்ன நினைப்பார்? அவரும் ஊதியம் பெறுபவர். அவர் கைபடும் பசுவோ ஆடோ நாயோ அவருடையதன்று. அப்படியானால் அவர் என்றென்றும் கூலியாள்தானா?

இல்லை என்றே கருதுகிறேன். சொந்தமானதைப் பேணுவதில் பாசமும் உண்டு, ஆதாயமும் உண்டு. பிறருடையதைப் பேணுவது வேறோர் அறம். பகைவனுடைய கழுதை சுமையின்கீழ் விழுந்து கிடந்தாலும் அதற்கு உதவ வேண்டும் என்கிறது விடுதலைப் பயண நூலின் சட்டம். கழுதை யாருடையது என்பது அங்கே சாக்காக நிற்பதில்லை. கால்நடை மருத்துவரின் தொழில் நாள்தோறும் அந்தச் சாலையோரத்தில்தான் நடக்கிறது. அத்தொழிலில் வளர்ச்சி என்று எதைச் சொல்வது என்பதையும் அங்கே நின்றுதான் கேட்க வேண்டும்.

நம் கம்பம் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்வோம். பெரியாற்று நீரில் நெல்லும் திராட்சையும் தென்னையும் விளையும் ஊர்களில் வீட்டுக்குப் பின்னால் ஒன்றிரண்டு கலப்பினப் பசுக்கள் நிற்கின்றன. மலையடிவாரத்தில் மலைமாட்டுக் கிடைகள். தை மாதம் வந்தால் சல்லிக்கட்டுக் காளைகளைப் பரிசோதிக்க வேண்டும். கேரளத்தின் ஆலப்புழைப் பகுதியில் 2014, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் பறவைக் காய்ச்சல் கண்டது. அத்தகைய வேளைகளில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியே வரும் வண்டிகளைக் கண்காணிக்கும் பொறுப்பும் இத்துறையின் தலையில் விழுகிறது. 2020-இல் தேனி மாவட்டத்திலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. சென்னையில் 1903-இல் தொடங்கிய இக்கல்வி நம் மலையடிவாரம் வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று!

மேற்படிப்பு, ஸ்கேன் கருவி, அறுவைப் பயிற்சி, பதவி உயர்வு எல்லாம் வளர்ச்சியே. இவற்றைத் தாழ்த்திப் பேசும் ஆன்மிகம் எனக்கு உடன்பாடன்று. கன்று குறுக்கே கிடந்து தவிக்கும் பசுவுக்கு மருத்துவரின் பக்தியைவிட அவருடைய கைத்திறன்தான் முதலில் தேவை. ஆனால் கைத்திறன் தீர்த்து வைக்காத கேள்வியும் ஒன்று உண்டு.

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். கணவனை இழந்த பெண்மணி, ஒரே பசு, நாளொன்றுக்கு 8 லிட்டர் பால். பசுவுக்கு மடிநோய் கண்டுவிட்டது. மருத்துவர் வருகிறார், ஆன்டிபயாடிக் மருந்து செலுத்துகிறார், பசு தேறுகிறது. ஆயினும் மருந்தின் எச்சம் பாலில் இறங்கும். எந்த மருந்து என்பதைப் பொறுத்து, இத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்று கணக்கு உண்டு. 5 நாள் என்று வைத்துக்கொண்டால் 40 லிட்டர். கடன் தவணையும் பிள்ளையின் பள்ளிச் செலவும் அந்த 40 லிட்டருக்குள்தான் இருக்கின்றன. “சொசைட்டியில் ஊற்றாமல் நான் எப்படி ஐயா பிழைப்பது?” என்று அவள் கேட்டால் மருத்துவர் என்ன சொல்வார்?

பசு அவர் கண்முன் நிற்கிறது. அவளும் நிற்கிறாள். அந்தப் பாலைக் குடிக்கப்போகிறவர் மட்டும் அங்கே இல்லை. எங்கோ ஓர் ஊரில் பென்சிலின் ஒவ்வாத ஒரு குழந்தை. மருந்துக்கு அடங்காத கிருமியோடு மருத்துவமனையில் படுத்திருக்கும் ஒரு முதியவர். அவர்களுக்கு முகமில்லை, கண்ணீர் விட்டு மன்றாடவும் வரமாட்டார்கள். இரக்கத்தின் பெயரால் மருத்துவர் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். யாரும் அவரைக் குறை சொல்லப்போவதில்லை. நல்ல மனிதர் என்றே அவள் வாழ்த்துவாள். கூலியாள் ஓடும் ஓட்டங்களிலேயே மிக மரியாதையான ஓட்டம் இதுதான். இங்கே ஓநாய் உறுமுவதுகூட இல்லை. மனிதருக்குக் கடைசிப் புகலாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்குத் தரலாகாது என்று இந்திய அரசு 2019-இல் தடை விதித்ததும் முகமறியாத அந்த மூன்றாமவரைக் கருதித்தான்.

மூன்றாமவர் மனிதராகவே இருக்க வேண்டும் என்பதுமில்லை. 1990-களில் நொண்டும் மாட்டுக்கும் வலியில் துடிக்கும் மாட்டுக்கும் டைக்ளோஃபெனாக் ஊசி போடுவது பரவலாயிற்று. மலிவான மருந்து; வலி தணிந்தது. அவ்வாறு ஊசி போட்டும் பிழைக்காத மாடுகளின் உடலைத் தின்ற பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், சிறுநீரகம் பழுதாகி மடிந்தன. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்துபோயின. காரணம் 2004-இல்தான் புலப்பட்டது. 2006-இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டு, பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகம் அதன் இடத்துக்கு வந்தது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவற்றுக்கும் 2023-இல் தடை வந்தது.

இதில் கெட்டவன் என்று யாரைச் சுட்டுவது? ஊசி போட்டவரின் அறிவிலும் குறையில்லை, இரக்கத்திலும் குறையில்லை. பார்வை மாட்டோடு நின்றுவிட்டது. மாட்டுக்குப் பின் என்ன என்று அது கேட்கவில்லை. கேட்கக் கற்றபோது அத்தொழில் வளர்ந்தது. கையில் இருந்த நல்ல மருந்தொன்றைக் கீழே வைத்ததே அவ்வளர்ச்சியின் அடையாளம் என்பதை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

அகவளர்ச்சி பற்றியும் ஒரு சொல். கால்நடை மருத்துவர்களிடையே தற்கொலை பொதுமக்களிடையே உள்ளதைவிட மிகுதி என்பதைப் பிரிட்டன், அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. காப்பாற்ற முடிந்த உயிரையும் காசில்லாமையால் கைவிட நேர்வது, வலி தீராத உயிரைத் தம் கையாலேயே முடித்துவைப்பது, இவற்றைச் சுமந்துகொண்டு மறுநாளும் மருந்தகம் திறப்பது எளிதன்று. ஓய்வுநாளில் மாட்டுக்கும் கழுதைக்கும்கூட ஓய்வு தரச் சொல்கிறது இணைச்சட்ட நூல். மாட்டுக்கு ஓய்வு கிடைத்துவிடுகிறது. மாட்டு மருத்துவரின் தொலைபேசிக்குத்தான் கிடைப்பதில்லை.

அந்த 40 லிட்டருக்கு வருவோம். மருத்துவர் உண்மையைச் சொல்லி, அதன் விலை முழுவதையும் அவள் ஒருத்தியே கட்டினால் அது நீதியாகுமா? சனவரி 17 வனத்து அந்தோணியார் திருநாள். பல ஊர்களில் கால்நடைகளைக் கோவிலுக்கு ஓட்டி வந்து மந்திரிப்பார்கள். அன்று அவ்வூர் மருத்துவரையும் அழைத்து, எந்த மருந்துக்கு எத்தனை நாள் பாலை நிறுத்த வேண்டும் என்று எல்லாருக்கும் பொதுவில் சொல்லச் செய்யலாம். ஏழை வீடுகளுக்கு அரிசியும் மருத்துவச் செலவும் தந்துவரும் வின்சென்ட் தே பவுல் சபையார், நோயுற்ற பசுவின் 5 நாள் பாலையும் தம் கணக்கேட்டில் ஒரு வரியாகச் சேர்க்கலாகாதா? பால் சங்கத்தாரும் ஒரு பங்கு ஏற்கலாம். அப்போது அந்தப் பெண்மணியிடம் மருத்துவர் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டியிராது.