கேட்டதும் கிடைத்ததும்



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் போன பிற்பாடும் ஓர் அம்மாள் மாதா பீடத்தருகே உட்கார்ந்தபடியே இருந்தார். அவருடைய வீட்டுக்காரர் சிறுநீரகக் கோளாறினால் எட்டு மாதம் படுத்திருந்து இறந்துபோனார். அந்த எட்டு மாதமும் அம்மாள் சனிக்கிழமை ஒருசந்தியை விடவில்லை, நவநாளை விடவில்லை, அவர் பிழைத்தெழுந்தால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாகப் பொருத்தனையும் செய்திருந்தார். "நான் கேட்டது ஆண்டவர் காதிலே விழவே இல்லையா, சாமி?" என்றார். அழுதுகொண்டு கேட்கவில்லை. கடையில் பாக்கிக் கணக்குக் கேட்பவரைப்போல் கேட்டார். நானும் ஏதோ ஆறுதல் சொன்னேன். சொன்னது எனக்கே போதவில்லை. ஆதலால்தான் இன்றைக்கு இதை எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி அந்த அம்மாள் ஒருவருடையது மாத்திரமல்ல. 2024-ம் ஆண்டுக் கோடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெயில் காய்ந்த காய்ச்சலில் மாமரங்களே வாடின; நம் மாவட்டத்தில் விளைச்சல் வெகுவாய்க் குறைந்தது. மத்தூர் முதல் ஊத்தங்கரை வரை மழைக்காக வேண்டாத வீடு உண்டோ? பிறகு வந்தது பாருங்கள், அந்த வருஷக் கடைசியில் ஃபெங்கல் புயல். டிசம்பர் 2-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரத்தில் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போயிற்று. அடுத்த வருஷம் மா நன்றாய்க் காய்த்தது. காய்த்ததே தொல்லையாயிற்று: பெங்களூரா மாங்காய் மலைபோல் வந்து குவிய, மாங்கூழ் ஆலைகள் கொடுத்த விலை பறிகூலிக்கும் வண்டிக் கூலிக்குமே கட்டவில்லை. மழை கேட்டோம், வெள்ளம் வந்தது. விளைச்சல் கேட்டோம், விலை போயிற்று. இவைதாமா நம் செபத்துக்குக் கிடைத்த பதில்கள்?

அவசரப்பட வேண்டாம். புயல் கரையேறிய பிற்பாடு வேகமாய்க் கலைந்து போகாமல், மெள்ள மெள்ள நகர்ந்தபடியே உள்நாட்டில் மழையைக் கொட்டிற்று. அது காற்றும் கடலும் சேர்ந்து செய்த வேலை. சர்வேசுரன் அவற்றுக்கு அதிபதி என்று விசுவசிக்கிறோம். ஆனால் ஒவ்வொரு மேகத்தையும் அவர் நமக்கு எழுதிய கடிதமாக எடுத்து வாசிக்க நமக்கு உத்தரவில்லை. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். தை, மாசியில் மா பூத்திருக்கும்போது தோட்டக்காரர் மழை வேண்டாம் என்று மன்றாடுகிறார். செங்கல் சூளைக்காரரும் அப்படியே. பக்கத்து நிலத்துக்காரரோ கிணறு வற்றிப்போனதால் ஒரு மழையாவது வேண்டும் என்கிறார். எல்லாரும் ஒரே கோயிலில், ஒரே வாரத்தில், மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். எல்லாருடைய திரியும் எரிகிறது. எவர் கேட்டது கிடைத்ததோ அவர் நல்லவர், கிடைக்காதவர் பாவி என்று நாம் சொல்வோமா?

சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள், அதுதான் வருத்தம். துக்க வீட்டுக்குப் போய், "நீங்கள் விசுவாசத்தோடு கேட்கவில்லை போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வருகிறவர்களைப் பற்றித்தான் சொல்லுகிறேன். யோபு சாம்பலில் உட்கார்ந்திருந்தபோது அவருடைய சிநேகிதர்கள் வந்து, ஏழு நாள் பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல சிநேகிதர்களே. வாயைத் திறந்து, உன் பாவத்தால்தான் இது வந்தது என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தபோதுதான் கெட்டார்கள். அந்தப் புத்தகத்தின் முடிவில் ஆண்டவர் கோபித்துக்கொள்வது முறையிட்ட யோபுவின்மேல் அல்ல, ஆண்டவருக்காக வக்காலத்து வாங்கிய அந்தச் சிநேகிதர்கள்மேல்தான்.

இதே நோயின் இன்னொரு முகம், இத்தனை பேருக்கு அனுப்பினால் மூன்று நாளில் நன்மை நடக்கும், அனுப்பாவிட்டால் கேடு வரும் என்ற சங்கிலிக் கடிதம். முன்னே தபால் கார்டில் வந்தது; இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. ஆண்டவரைப் பொத்தானை அமுக்கினால் சாமான் விழுகிற பெட்டியாக்கும் வேலை அது. வந்தால் அழித்துவிடுங்கள்; பயப்பட வேண்டாம்.

சரி, கேட்டது கிடைக்காத செபம் எங்கே போகிறது? அர்ச். மோனிக்கம்மாளின் சரித்திரம் நீங்கள் அறிந்ததே. வட ஆப்பிரிக்காவிலே கர்த்தாகோ துறைமுகத்தில், மகன் கடல் கடந்து உரோமைக்குப் போய்விடக் கூடாது என்று ஓர் இரவு முழுவதும் அர்ச். சிப்பிரியானாரின் கோயிலில் அழுது மன்றாடினார். மகனோ, நண்பனை வழியனுப்பிவிட்டு வருகிறேன் என்று தாயிடம் பொய் சொல்லி, அந்த இரவிலேயே கப்பலேறிவிட்டான். இது 383-ம் ஆண்டில். ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகும் பிள்ளையின் பையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கும் தாய்மாருக்கு அந்தக் காலைப்பொழுதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பயணம்தான் அகுஸ்தீனை மிலான் நகரத்துக்குக் கொண்டுபோய், அர்ச். அம்புரோசியாரின் பிரசங்கத்துக்கு முன் நிறுத்திற்று. 387-ம் ஆண்டு பாஸ்கு இரவில் அவர் கையாலேயே ஞானஸ்நானம் பெற்றார். தாய் அந்த இரவில் கேட்டது மறுக்கப்பட்டது, தாய் எந்நாளும் கேட்டுவந்தது கொடுக்கப்படும்படியாகவே என்று பிற்காலத்தில் அந்த மகனே எழுதி வைத்தார்.

இந்தக் கதை நமக்கு எளிதாய் இனிக்கிறது. ஏனென்றால் முடிவில் மகன் தாயின் கைக்கே திரும்பிவிட்டான். அப்படித் திரும்பாத கதை ஒன்று உண்டு. அது நம் தமிழ் மண்ணோடு கலந்தது.

ஓரியூருக்கு நம் பங்கிலிருந்து போய் வந்தவர்கள் அந்தச் சிவந்த மண்ணைக் கொஞ்சம் முடிந்துகொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே 1693-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி வேதசாட்சியாய்த் தலை வெட்டுண்ட அர்ச். அருளானந்தரின் தாயாரை நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்? அவர் போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் நகரத்துப் பிரபு குலத்துக் கைம்பெண். மகன் அரண்மனையில் இளவரசனோடு வளர்ந்தவன். சிறுவனாயிருக்கையில் அவனுக்குக் கடும் நோய் வந்து, வைத்தியர்கள் கைவிட்டார்கள். தாய் இந்தியாவின் அப்போஸ்தலரான அர்ச். சவேரியாரிடம் ஓடினார்: பிள்ளை பிழைத்தால் ஒரு வருஷம் அவனுக்குச் சேசுசபையாரின் அங்கியை உடுத்துவிப்பதாகப் பொருத்தனை செய்தார். பிள்ளை பிழைத்தான். ஒரு வருஷம் அந்தக் கறுப்பு அங்கியோடு அரண்மனையில் திரிந்தான். தாய்க்கு அதோடு கடன் தீர்ந்தது.

மகனுக்குத் தீரவில்லை. 1662-ம் ஆண்டு, பதினைந்து வயதில், மெய்யாகவே அந்தச் சபையில் சேர்ந்துவிட்டார். 1673-ல் குருப்பட்டம் பெற்றதும் இந்தியாவுக்குப் புறப்பட்டார். தாய் என்ன செய்தார் தெரியுமா? பாப்பானவரின் ஸ்தானாதிபதி வரைக்கும் போய், மகனைத் தடுத்து நிறுத்தும்படி கேட்டுக்கொண்டார். எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்திருக்கிறது. அர்ச்சியசிஷ்டரைப் பெற்றவர் என்பதற்காக அவர் கல்லாக இருக்கவில்லை. எந்தச் சவேரியாரிடம் மகனைக் கேட்டு வாங்கினாரோ, அந்தச் சவேரியாரின் வழியிலேயே மகன் போகிறான் என்றதும், கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறார்களே என்று தவித்தார். தடுக்கவும் முடியவில்லை.

மறவர் நாட்டில் நடந்தது இன்னும் ஆச்சரியம். சிறுவள்ளித் தலைவர் தடியத்தேவர் தீராத நோயில் கிடந்தார். உபதேசியார் ஒருவர் போய்ச் சுவிசேஷத்தை வாசித்துச் செபித்தார், அவர் குணமடைந்தார். கேட்டது கிடைத்த செபம் என்று இதைத் தாராளமாய்ச் சொல்லலாம். குணமான தேவர் 1693 ஜனவரியில் ஞானஸ்நானம் பெற்று, மனைவியருள் ஒருத்தியை மாத்திரம் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவள் சேதுபதி மன்னருக்கு உறவினள். அவள் முறையிட்டாள். அடுத்த மாதம் அருளானந்தர் ஓரியூரில் கொலையுண்டார். ஒருவர் பிழைக்கக் கேட்ட செபம் கேட்கப்பட்டது. அந்த வழியாகவே இன்னொருவருடைய உயிர் போயிற்று. இதைக் கூட்டிக் கழித்து லாபம் இவ்வளவு, நஷ்டம் இவ்வளவு என்று எழுத எந்தக் கணக்குப்பிள்ளையால் முடியும்?

மரணச் செய்தி லிஸ்பனுக்கு எட்டியபோது, சிறுவயதில் அவரோடு விளையாடிய இளவரசரே அங்கே அரசராயிருந்தார். அவர் நன்றியறிதல் வழிபாட்டுக்குக் கட்டளையிட்டார். தாயார் துக்க உடையில் அல்ல, திருநாள் உடை உடுத்தி வந்து நின்றார். அந்த உடைக்குள் என்ன இருந்தது என்பதைச் சரித்திரம் சொல்லவில்லை. அன்று இரவு அவர் அழுதிருக்க மாட்டார் என்று நான் நினைக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக அவர் கேட்டவை எத்தனையோ. அவற்றில் ஒன்று கிடைத்தது, ஒன்று மறுக்கப்பட்டது, கிடைத்ததே பிறகு எடுக்கப்பட்டது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர் ஆண்டவரிடமே போனார். விசுவாசம் என்றால் இதுதானோ என்று எனக்குத் தோன்றுகிறது: இன்ன பதில் வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதல்ல, எந்தப் பதில் வந்தாலும் அதைக் கொடுத்த கையைத் தகப்பன் கை என்று அறிந்திருப்பது.

நம் ஆண்டவரே இதைச் செய்து காட்டினார். ஒலிவத் தோப்பில், பாடுகளின் பாத்திரம் தம்மை விட்டு நீங்கும்படி ஒரு தடவையல்ல, மூன்று தடவை கேட்டார். கேட்கக் கூடாது என்று நினைக்கவில்லை. பாத்திரம் நீங்கவில்லை, அதைக் குடிக்கத் திடம் கொடுக்க ஒரு சம்மனசு வந்தது என்று அர்ச். லூக்காஸ் எழுதுகிறார். ஆனால் எபிரேயருக்கு எழுதிய நிருபம், கண்ணீரோடு அவர் செய்த மன்றாட்டு கேட்கப்பட்டது என்றே சொல்லுகிறது. மறுநாள் சிலுவையில் மரித்தவருடைய செபம் கேட்கப்பட்டதாம்! சாவிலிருந்து தப்புவிக்கப்படாமல், சாவின் வழியாய்க் கொண்டுபோய் அதற்கு அப்பாலே எழுப்பப்பட்டார். சனிக்கிழமை அன்று கல்லறைக்கு வெளியே நின்றவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. நாம் பெரும்பாலும் அந்தச் சனிக்கிழமையில் நின்றுகொண்டுதான் செபிக்கிறோம்.

இதை எழுதும்போதும் எனக்கு ஒரு பயம். எல்லாம் நன்மைக்கே என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாமா? லாசருவை எழுப்பப்போகிறவரே அவருடைய கல்லறையருகில் கண்ணீர் விட்டார். ஆகையால் ஒரு வீட்டுத் தலைவனின் சாவை நன்மை என்று சொல்ல என் நாவு எழாது. கடைசி மாதத்தில் அவர், பல வருஷம் பேசாதிருந்த தம்பியை வரவழைத்துச் சமாதானமானாராம். பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்கிக்கொண்டாராம். அம்மாளே சொன்னார். அதுதான் உங்கள் செபத்துக்குப் பதில் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. தம்பி சமாதானமாவதற்கு அண்ணன் சாக வேண்டுமா என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் ஏது? அது ஒரு கொடை, அவ்வளவுதான். மீதியை மோட்சத்தில் அவர்களிருவரும் சேர்ந்து கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

போன செவ்வாய்க்கிழமை அம்மாள் மறுபடியும் வந்தார். வேளாங்கண்ணிப் பொருத்தனையை என்ன செய்வது என்று கேட்டார். திருச்சபைச் சட்டம் இதில் தெளிவாயிருக்கிறது, உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்: ஒரு நிபந்தனையின்மேல் செய்த பொருத்தனை, அந்த நிபந்தனை நிறைவேறாவிட்டால் நம்மைக் கட்டாது. "அவர் பிழைக்கவில்லை, ஆகவே உங்களுக்குக் கடன் இல்லை, மன உறுத்தல் வேண்டாம்" என்றேன். அம்மாள் கொஞ்ச நேரம் பேசாதிருந்தார். பிறகு, "கடனுக்காக இல்லை, சாமி. மாதாகிட்ட இன்னும் கேட்கவேண்டியது இருக்குது, நடந்தே போய்க் கேட்கிறேன்" என்றார்.

ஆகஸ்டு மாதக் கடைசியில் புறப்படுகிறார். தனியாய்ப் போகவிட வேண்டாம். துணைக்கு நடக்கக்கூடிய பெண்கள் அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு உபதேசியாரிடம் பேர் கொடுங்கள். வழியில் அவருக்கு விளக்கம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. செபமாலை சேர்ந்து சொன்னால் போதும்.