பத்மநாபனுக்கும் ஒரு கார்டியன்

என் தங்கைக்கு டவுன் சிண்ட்ரோம். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, எனக்கு அறுபத்தைந்து. திருவனந்தபுரத்துக் கரமனை அக்ரஹாரத்தில் இந்தக் கணக்கைப் போடத் தெரியாதவர் யாருமில்லை. வாய்விட்டுச் சொல்பவர்தான் கிடையாது. அம்மா இருந்தவரை, யாராவது “உங்களுக்கப்புறம் இவ...” என்று இழுத்தால், “பத்மநாபன் பாத்துப்பான்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். நானோ ஏஜீஸ் ஆபீஸில் தணிக்கைப் பிரிவில் ஓய்வு பெற்றவன். யார் பார்த்துக்கொள்கிறார், எந்தக் கணக்கிலிருந்து, யாருக்குப் பதில் சொல்வார் என்று கேட்டே தலை நரைத்தவன். தங்கைக்காக ஒரு டிரஸ்ட் பத்திரம் எழுத வக்கீலைத் தேடுகிறேன் என்று தெரிந்ததும் உறவுக்கார மாமி ஒருத்தி கேட்டாள்: “ஏண்டா, பகவான் மேல இருந்த நம்பிக்கை போயிடுத்தா?”

கோபம் வரவில்லை. நல்ல கேள்வியாகத்தான் பட்டது. நம்புகிறவன் பத்திரம் எழுதலாமா?

இதற்குப் பதில் தேடி இந்த ஊர்க்காரன் வெகுதூரம் போகவேண்டாம், கிழக்கே கோட்டையில் பத்மநாபசுவாமி கோயில் வரை போனால் போதும். 1750-இல், கொல்லம் ஆண்டு 925 மகரம் 5-ஆம் நாள், மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூர் ராஜ்யத்தையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்தார். திருப்படித்தானம் என்பார்கள். உடைவாளைச் சன்னிதியில் வைத்து வணங்கி, பத்மநாப தாசனாக அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அக்கம்பக்கத்துச் சிற்றரசுகளைப் பிடித்த கையோடு செய்த காரியம் என்பதால் அதில் பக்தி எவ்வளவு, ராஜதந்திரம் எவ்வளவு என்று சரித்திரக்காரர்கள் இன்னும் நிறுத்துப் பார்க்கிறார்கள். அது அவர்கள் பாடு. பெருமாளிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்ட ராஜா அதற்குப் பிறகு சும்மா உட்காரவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். வரி வசூலித்தார், படை நடத்தினார். தன் சொத்தை ஆளும்போது இல்லாத பொறுப்பு, அடுத்தவர் சொத்தை ஆளும்போது வந்து சேர்ந்தது.

அப்புறம் நடந்ததைத் தணிக்கைக்காரன் கண்ணால் படித்தால் இன்னும் ருசிக்கும். 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது, கோயில் நிர்வாகம் திருவிதாங்கூர் மன்னரின் கட்டுப்பாட்டில் இருக்கும் என்று உடன்படிக்கையில் எழுதினார்கள். அந்த மன்னர், சித்திரைத் திருநாள், 1991-இல் காலமானார். அவருக்குப் பின் யார்? தம்பி உத்திராடம் திருநாள் பொறுப்பை எடுத்துக்கொண்டார், வழக்கு வந்தது. தம்பியை ‘மன்னர்’ என்று கொள்ள முடியாது, அரசு ஏற்கட்டும் என்று 2011 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அதே வருஷம்தான் நிலவறை திறந்து, உள்ளே இருந்த பொன்னைக் கண்டு உலகம் வாய் பிளந்தது. 2020 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றம் மாற்றிச் சொன்னது: பராமரிக்கும் உரிமை மன்னரோடு முடிந்துவிடவில்லை, வழக்கப்படி அந்தக் குடும்பத்தில் தொடரும். ஆனால் நிர்வாகத்தை மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு கவனிக்க வேண்டும், இருபத்தைந்து வருஷக் கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும். 1965-இல் சித்திரைத் திருநாள் தொடங்கிய டிரஸ்ட், தனக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று கேட்டதற்கு, அடுத்த வருஷமே இல்லை என்று பதில் வந்தது.

பூலோகத்திலேயே பெரிய பணக்காரர்களில் ஒருவர் அனந்தன் மேல் பள்ளிகொண்டிருக்கிறார். சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம், கையெழுத்து மட்டும் போட முடியாது. சட்டம் அவரை மைனர் போலவே நடத்துகிறது. ‘பார்த்துக்கொண்டவர் போய்விட்டார், இனி யார்?’ என்ற கேள்விக்கு அவருக்கே தீர்ப்புக் கிடைக்க இருபத்தொன்பது வருஷம் பிடித்திருக்கிறது. கரமனைக்காரி ஒருத்திக்கு முன்னாலேயே எழுதி வைத்தால் தெய்வக் குற்றமா?

மாமி இதை ஒப்புக்கொள்ளவில்லை. சரணாகதி என்றால் பூனைக்குட்டி மாதிரி இருக்கணும், குரங்குக் குட்டி மாதிரிப் பிடித்துத் தொங்கக் கூடாது என்றாள். ஸ்ரீவைஷ்ணவர்கள் காலகாலமாக வாதாடும் விஷயம் இது. தாய்ப்பூனை கவ்விப் போகும், குட்டிக்கு வேலை இல்லை. அழகான சித்தாந்தம்தான். என் மூட்டுவலியையும் என் கடைசிக் காலத்தையும் அப்படி விட்டுவிட எனக்குச் சம்மதமே. ஆனால் நான் சரணாகதி செய்யலாமென்றால் என்னுடையதைத்தான் செய்யலாம். தங்கையின் நாளைய சோறும் படுக்கையும் என்னுடையவை இல்லை. அவற்றை ‘பகவானே, நீயே கதி’ என்று வைத்துவிட்டு நான் எழுந்து போனால் அதற்குப் பக்தி என்று பேர் வைக்க மனசு வரவில்லை. கைகழுவல் என்றுதான் தோன்றுகிறது. அம்மா சொன்னதில் தப்பில்லை. அவள் பகலெல்லாம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

பத்திரத்துக்கு வருவோம். அமெரிக்காவில் இருக்கும் என் பையன் அங்கே இது சர்வசாதாரணம் என்கிறான். ஆனால் காரணம் வேறு. அங்கே ஊனமுற்றவர் பெயரில் 2,000 டாலருக்கு மேல் இருந்தால் அரசின் மாத உதவி போய்விடும், அதற்காகப் பணத்தை டிரஸ்டில் ஒதுக்குகிறார்கள். இங்கே பயம் அரசைப் பார்த்தல்ல, உறவைப் பார்த்து. வீட்டில் என் பங்கையும் சேமிப்பில் ஒரு பகுதியையும் அவளுக்காக ஒதுக்க, 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம் போதும். வீடு மனை என்றால் பதிவு செய்தாக வேண்டும். டிரஸ்டி அந்தச் சொத்தால் தான் லாபம் பார்க்கக் கூடாது, ஏற்றுக்கொண்ட பொறுப்பை நினைத்தபோது உதறவும் கூடாது. இந்த இரண்டையும் படித்துக் காட்டினால் சொந்தபந்தத்தில் பாதி நழுவிவிடும். என் மனைவியின் அண்ணன் பையன் நல்லவன். “நான் பாத்துக்கறேன் அத்திம்பேர். கையெழுத்தெல்லாம் எதுக்கு?” என்றான். கையெழுத்து எதற்கு என்பவனிடம்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது என் உத்தியோக அனுபவம்.

டிரஸ்ட் பணத்துக்கு. ஆளுக்குக் கார்டியன் வேண்டுமா என்பது தனி. 1999-ஆம் ஆண்டின் நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர்க் குழு உண்டு. கலெக்டர் தலைவர், கூட ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதி, ஊனமுற்ற ஒருவர். கார்டியன் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், வருஷா வருஷம் கணக்குக் கொடுக்க வேண்டும். பத்மநாபனுக்கு ஜட்ஜ், இவளுக்குக் கலெக்டர். ஒரே ஊர்.

ஒப்புமை இதோடு நிற்கிறது. பெருமாள் வாய் திறப்பதில்லை, இவள் வாய் மூடுவதில்லை. உள்ளூர்க் குழுவையும் அந்தச் சட்டம் முதலில் இரண்டு கேள்வி கேட்கச் சொல்கிறது: இவருக்குக் கார்டியன் தேவையா, தேவையென்றால் எந்தெந்தக் காரியத்துக்கு? இந்தியா 2007-இல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே போய், ஊனமுற்றவருக்கும் மற்றவர் போலவே சட்டத் தகுதி உண்டு என்கிறது. நம் கூடங்களிலோ, அவள் உட்கார்ந்திருக்கும்போதே அவளைப் பற்றி யாரோ போலப் பேசுவார்கள். ஐம்பது வயதுக்காரியைக் ‘குழந்தை’ என்பார்கள்.

இங்கே 1925-இல் பிரிவி கவுன்சில் தீர்த்த ஒரு கல்கத்தா வழக்கைச் சொல்ல வேண்டும். மல்லிக் குடும்பத்துப் பூஜை விக்கிரகத்தை, தன் முறை வரும்போது தன் வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று வாரிசுகளுக்குள் சண்டை. விக்கிரகம் சாமான் இல்லை, எங்கே இருப்பது என்பதில் அதன் விருப்பத்தை மதிக்க வேண்டும், அதற்காகப் பேச இந்தச் சண்டையில் ஆதாயம் இல்லாத ஒருவரைக் கோர்ட் நியமிக்கட்டும் என்றார்கள். கற்சிலைக்கும் செப்புச்சிலைக்கும் இவ்வளவு மரியாதை!

பத்திரத்தில் அதையே ஒரு ஷரத்தாக வைத்தேன். அவளை இந்த வீட்டிலிருந்து வேறெங்கும் மாற்றுவதானால், டிரஸ்டில் ஆதாயமில்லாத ஒருவர் அவளிடம் தனியாகப் பேசி, அவள் சொன்னதை எழுதித் தர வேண்டும். கூடவே அவள் விருப்பங்களின் பட்டியல், அவளைக் கேட்டே எழுதியது. ஐப்பசியிலும் பங்குனியிலும் ஆராட்டுக்குச் சங்குமுகம் போகவேண்டும் (ஊர்வலம் ஓடுபாதையைக் கடக்க விமானங்களையே நிறுத்துகிற ஊர் இது, ஆட்டோவுக்கு டிரஸ்டில் காசு இல்லையென்று யாரும் சொல்லக் கூடாது). பாகற்காய் கூடாது. மாடி அறை கூடாது. “நான் இல்லேன்னா எங்க இருப்பே?” என்று கேட்டேன். “இங்கதான். ரிமோட் எனக்கு” என்றாள்.

வக்கீலுக்கு இது பிடிக்கவில்லை. விருப்பத்தையெல்லாம் கோர்ட்டில் நிரூபிக்க முடியாது சார், பாகற்காயையாவது எடுத்துவிடலாம் என்றார். கல்கத்தா வழக்கைச் சொன்னேன். குறித்துக்கொண்டார், எடுக்கவில்லை. மூன்றாவது டிரஸ்டியின் பெயர் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. அத்திம்பேரிடம் பங்குனி வரை தவணை கேட்டிருக்கிறான், கையெழுத்து எதற்கு என்ற பையன்.