அழியாத ஏடும் அடங்காத ஆசையும்

உத்தமபாளையத்துப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் புடைப்புச் சிற்பங்களாக விளங்குகின்றன. அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் அருகே வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அச்சணந்தி முனிவரின் பெயரும் அவற்றுள் உண்டு. ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அக்கணக்கு அழியவில்லை. எழுத்தறிந்தோர் எவரும் படிக்கலாம். எவரும் அறியாமல் திருத்தவியலாது.

அண்மையில் தேனியில் உறவினர் இல்லத்தில் நாம் தங்கியிருந்தபோது, அவ்வீட்டு இளைஞர் ஒருவர், "பாட்டி, பிட்காயினில் பணம் போடுவது நம் அறத்திற்கு ஒக்குமா?" என வினவினார். தங்கையின் படிப்புக்கெனத் தந்தை ஏலக்காய் விற்றுச் சேர்த்த தொகை அவர் பொறுப்பில் இருந்தது. அறியாத ஒன்றை ஏற்பதும் பேதைமை, பழிப்பதும் பேதைமை. நல்ஞானம் இன்றி நல்லொழுக்கம் இல்லை. ஆகவே நாம் மாணவராகி, அவரை ஆசிரியராக்கினோம்.

சதோசி நாகமோட்டோ என்னும் புனைபெயரினர் 2008இல் இம்முறையை வகுத்தார். 2009 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. இதற்கு வங்கி இல்லை. யார் யாருக்கு எவ்வளவு அளித்தார் என்பதை ஒரு பேரேடு காட்டும். அதன் படிகள் உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் உள்ளன. ஏறத்தாழ 10 நிமிடங்களுக்கு ஒரு புதிய பக்கம் சேரும். ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தின் முத்திரையைத் தாங்கியிருப்பதால், பழையதைத் திருத்தினால் பின்வரும் அனைத்தும் பொருந்தாமற் போகும். கடினமான புதிரை முதலில் விடுவித்துப் பக்கம் சேர்க்கும் கணினிக்குப் புதிய நாணயம் பரிசு. மொத்த நாணயங்கள் 2.1 கோடியைத் தாண்டா. உரியவர் தம் இரகசியத் திறவுகோலை இழந்தால், முறையிட ஓர் அலுவலகமும் இல்லை.

கேட்டபோது பாறைக் கல்வெட்டே நினைவுக்கு வந்தது, வியந்தோம். ஆயினும் மூன்று ஐயங்கள் எழுந்தன.

முதலாவது கொல்லாமை. அப்புதிர்ப் போட்டி மிகுந்த மின்சாரத்தை உண்கிறது. எனினும் எத்தீரியம் என்னும் மற்றொரு நாணயம் 2022 செப்டம்பரில் இம்முறையைக் கைவிட்டு, மின்செலவை 99 விழுக்காட்டிற்கும் மேல் குறைத்தது. எனவே இத்தீங்கு தவிர்க்கக் கூடியதே.

இரண்டாவது கள்ளாமை. கம்பத்தில் நாம் அறிந்த ஒருவர், மாதத்தில் இரட்டிப்பாகும் என்ற சொல்லை நம்பி, முகமறியாதவர்க்கு நாணயங்களை அனுப்பி இழந்தார். பேரேடு அதனையும் பிழையின்றிப் பதிந்துகொண்டது. எவ்வளவு சென்றது என்பதை ஏடு அறியும். எந்த எண்ணத்தோடு என்பதை அறியாது. வினையோ எண்ணத்தையே பற்றுகிறது.

மூன்றாவது மிகுபொருள் விரும்பாமை. போடிநாயக்கனூர் ஏலத்தில் விலை வீழ்ந்தாலும் ஏலக்காய் மணக்கும். இந்நாணயமோ அடுத்தவர் கூடுதல் விலை தந்தால்தான் ஆதாயம் என்றோம். "தங்கமும் அப்படித்தானே, பாட்டி?" என்றார் இளைஞர். நம் கைவளையல்களை நோக்கினோம், மறுமொழி தோன்றவில்லை. விரதம் பொருளின் பெயரைக் கேட்பதில்லை, அளவையே கேட்கிறது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

ரிசர்வ் வங்கி 2013 முதல் எச்சரித்து வருகிறது. 2022 ஏப்ரல் முதல் இதன் ஆதாயத்திற்கு 30 விழுக்காடு வரி உண்டு. நட்டத்தைப் பிற வருமானத்தில் கழிக்க இடமில்லை. வரி விதிப்பு அறத்தின் ஒப்புதல் ஆகாது.

நாணயத்திற்கு 2.1 கோடி என எல்லை வகுத்தவர், அதனை விரும்பும் மனத்திற்கு எல்லை வகுக்கவில்லை. அதனை வகுப்பது சாவகராகிய நம் கடன். "உமக்குப் போதுமானது எவ்வளவு? எழுதும்" என்று ஒரு தாளைக் கொடுத்தோம். நெடுநேரம் சிந்தித்து, "தங்கையின் பணம் என்னுடையதன்று" என முதல் வரி எழுதினார். அடுத்த வரி அன்றிரவு எழுதப்படவில்லை. நமக்கென எடுத்த தாளிலும் இன்னும் தொகை எழுதப்படவில்லை. நம் இல்லங்கள் தோறும் அவ்வரியை எழுத முயல்வோமாக.

வாழ்க அறம்.