பத்தாயிரம் ரூபாயும் மண்ணெண்ணெயும்

2015 பெப்ரவரிச் சம்பளத்தோடு 5,000 ரூபாய் மேலதிகமாகக் கிடைத்தது. ஜூனில் இன்னொரு 5,000. அரச ஊழியருக்குப் பத்தாயிரம் ரூபாய் என்பது ஜனவரி 8ஆம் திகதித் தேர்தலுக்கு முன்னர் தரப்பட்ட வாக்குறுதி. அன்று எங்கள் ஆசிரியர் அறையில் பெருநாள் களை. அதே ஜனவரியில் பெற்றோலும் 150 ரூபாயிலிருந்து 117க்கு இறங்கியிருந்தது. இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. கணிதம் கற்பிக்கும் நானும் கேட்கவில்லை.

விடை கடினமானதல்ல. வரவை மிஞ்சிய செலவைக் கடன் வாங்கித்தான் ஈடுகட்ட வேண்டும். அவ்வாண்டு வரவு செலவுப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 7 வீதத்தைத் தாண்டியது. 2016 ஜூனில் சர்வதேச நாணய நிதியம் ஒன்றரை பில்லியன் டொலர் கடனுக்கு இணங்கியது. பற்றாக்குறையைக் குறைப்பதும் வருமானத்தைக் கூட்டுவதும் அதன் நிபந்தனைகள். அதற்கு முன்னரே, மே மாதத்தில், வற் வரி 11 வீதத்திலிருந்து 15 ஆக்கப்பட்டிருந்தது. உரிய சட்ட நடைமுறை பின்பற்றப்படவில்லை என்று ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்த, நவம்பரில் முறையாகச் சட்டம் இயற்றி மீண்டும் கொண்டுவந்தார்கள்.

அது ஐக்கிய தேசியக் கட்சியும் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியும் சேர்ந்த தேசிய அரசாங்கம். நமது முஸ்லிம் கட்சிகளும் அமைச்சரவையில் இருந்தன. பலர் கூடி மஷூரா செய்து ஆள்வதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டரசாங்கத்திற்கு ஒரு பலவீனம் உண்டு. கந்தூரிச் சோற்றுக்குச் சஹனைச் சுற்றி எல்லோரும் அமர்வார்கள்; கிடாரம் கழுவும் நேரம் பார்த்தால் ஆள் இருக்காது. சம்பள உயர்வைத் தம்முடையதென்று இரு கட்சியாரும் மேடையில் சொன்னார்கள். வற் வரியை எங்களுடையது என்று சொன்னவரை நான் கேட்டதில்லை.

2018 மே மாதத்தில் எரிபொருள் விலைச் சூத்திரம் வந்தது. மண்ணெண்ணெய் லீட்டர் 44 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 101 ஆயிற்று. மலிவான மண்ணெண்ணெயை டீசலில் கலக்கிறார்கள், தொழிற்சாலைகள் துஷ்பிரயோகம் செய்கின்றன என்று காரணம் சொல்லப்பட்டது. அதில் உண்மையும் இருந்தது. ஆனால் எங்கள் களப்புக்கரைச் சிறு தோணிகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் ஓடுவதும் அதே எண்ணெயில்தான்.

எனக்கு மீன் தரும் காக்கா ஒருவர், நாளைக்குப் பத்து லீட்டர் எரியும் என்றார். லீட்டருக்கு 57 ரூபாய் கூடினால் நாளொன்றுக்கு 570. மாதத்தில் பதினெட்டு நாள் தொழிலுக்குப் போனால் 10,260. நான் கரும்பலகையில் போடாத கணக்கு அது. எனக்குக் கூடிய பத்தாயிரம் அவரிடமிருந்து கழிந்துகொண்டிருந்தது. "சேர், சம்பளம் கூடினது ஒங்களுக்கு, எண்ணெ கூடினது எனக்கா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மீனவர்கள் போராடினார்கள். ஜூனில் விலை 70க்கு இறங்கியது. போராட்டத்தின் கூலி இக்கரையோரத்துக்குத் தெரியும்: 2012 பெப்ரவரியில், வேறோர் அரசாங்கத்தின் கீழ், எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்த சிலாபத்து மீனவர் ஒருவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்.

இஸ்லாம் கடனை இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. இரண்டு தீனார் கடனோடு மரணித்த ஒருவரின் ஜனாஸாவைத் தொழுவிக்க நபியவர்கள் (ஸல்) தயங்கியதும், அபூ கதாதா (ரழி) அக்கடனை ஏற்ற பின்னரே தொழுவித்ததும் நாம் சிறுவயதிலிருந்து கேட்டுவருவது. ஓர் அறிவிப்பின்படி மறுநாளும் அவரைக் கண்டு, அந்த இரண்டு தீனார்கள் என்னவாயின என்று விசாரித்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இந்த மறுநாள் கேள்விதான். அபூ கதாதா தொகையை அறிந்தவர், தானாக முன்வந்தவர், பெயர் சொல்லிக் கேட்கப்படக் கூடியவர். அரசாங்கக் கடனுக்குப் பிணை நிற்பவர்களோ என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். அவர்களிடம் எவரும் சம்மதம் கேட்டதில்லை.

ஸகாத்துக்கு நிஸாப் உண்டு. அந்த அளவை எட்டாதவனிடம் அது கை நீட்டுவதில்லை. இலங்கையின் வரி வருமானத்தில் பெரும்பகுதி நேரில் வரிகளிலிருந்தே வந்திருக்கிறது. சவர்க்காரம் வாங்கும் தோணிக்காரரிடம் வற் வரி நிஸாப் பார்ப்பதில்லை.

இதனால் பற்றாக்குறையைக் குறைக்கவே கூடாது என்று சொல்லிவிட முடியுமா? அப்படிச் சொல்லித்தான் நாம் தப்பினோம். 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் இரு கட்சிகளும் தோற்றன. அக்டோபரில் கூட்டே உடைந்தது. 2019 டிசம்பரில் புதிய அரசாங்கம் வற் வரியை 15இலிருந்து 8 ஆக்கியது. ஊரே வரவேற்றது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென்று நாடு அறிவித்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87இலிருந்து 340 ரூபாய். 101ஐ எதிர்த்து 70க்கு இறக்கிய அதே மனிதர்தான் 340 கொடுத்தார். வற் வரி 2024 ஜனவரியில் 18 வீதத்தை எட்டிற்று.

சட்டம் இல்லாமலும் இல்லை. 2003ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க நிதி முகாமைத்துவப் பொறுப்புச் சட்டம், 2006க்குள் பற்றாக்குறை 5 வீதத்தைத் தாண்டக்கூடாது என்றது. கொண்டுவந்த அரசாங்கம் மறு ஆண்டே போயிற்று. தவணைகள் பின்னர் திருத்தங்களால் தள்ளிப்போயின. (நிதியமைச்சு நமக்கு அந்நியமானதுமல்ல: புத்தளத்தின் எம்.எச்.எம். நெய்னா மரிக்கார் 1988இல் சிறிது காலம் அப்பொறுப்பில் இருந்தவர்.) இரண்டு தீனார் என்னவாயிற்று என்று மறுநாள் கேட்க ஆளில்லாதபோது சட்டம் காகிதம்தான். கேட்க வேண்டியவர்களில் முதலாமவன் அந்தப் பத்தாயிரத்தை வாங்கிய நான். ஊதியம் வாங்கியது குற்றமென்று எண்ணவில்லை. கேளாதிருந்தது குற்றம்.

2025 ஏப்ரலில் எங்கள் அடிப்படைச் சம்பளம் மறுபடி கூடியது. காக்காவுக்குத் தொலைக்காட்சியில் முதலே தெரிந்திருந்தது. மீனை நிறுத்துக்கொண்டே கேட்டார்: "இந்தத் தடவ யாருக்குச் சேர் கூடும்?"

விசாரித்துச் சொல்கிறேன் காக்கா என்றேன்.