ஒன்றுமில்லை என்பதும் தெரியவில்லை என்பதும்

உடம்பைப் பற்றி நம்மிடையே வழங்கும் வாக்கியங்களில் 'ஒன்றுமில்லை' என்பதைப் போலப் பொறுப்பற்றது வேறில்லை. ஆறுதலாகவும் தீர்ப்பாகவும் பேச்சை முடித்துக்கொள்ளும் வழியாகவும் அது ஒரே சமயத்தில் இயங்குகிறது. கரு கலைந்த ஒரு பெண், சில வாரங்களுக்குப் பின், காரணம் தெரியாமல் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது என்று சொல்லும்போது அவளுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். இந்தப் பதில் தார்மிக ரீதியாக எத்தகையது என்பதே இங்கே கேள்வி.

முதலில் ஸ்தூலமான விஷயங்கள். கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களிலேயே பெண்ணின் இரத்த ஓட்டம் மாறத் தொடங்கிவிடுகிறது. நிறைமாதத்தை நெருங்குகையில் இரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவிகிதம் வரை கூடியிருக்கும். இதயம் நிமிஷத்துக்கு 10 முதல் 20 தடவை அதிகமாகத் துடிக்கும். கரு கலையும்போது இந்த ஏற்பாடு முழுவதும் நடுவழியில் கைவிடப்படுகிறது. கர்ப்பத்துக்குரிய ஹார்மோன் இரத்தத்திலிருந்து மறையச் சில வாரங்கள் பிடிக்கலாம். இரத்தப்போக்கு இரத்தசோகையில் கொண்டுபோய்விட்டால், இதயம் வேகமாக அடித்துத்தான் அதை ஈடுகட்டும். பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி கருச்சிதைவுக்குப் பின்னும் வருவதுண்டு. அதுவும் படபடப்பை உண்டாக்கும். ஆகவே ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பார்ப்பதற்கு முன்பே 'எல்லாம் மனசுதான்' என்று சொல்வது வெறும் ஊகம். வெள்ளைக் கோட்டு அணிந்திருப்பதால் அது மருத்துவமாகிவிடாது.

இவற்றையெல்லாம் பார்த்தாகிவிட்டது, எல்லாம் சரியாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரச்னை அப்போதுதான் தொடங்குகிறது. வழக்கமான ஈ.சி.ஜி. பதிவு 10 விநாடிகளுக்கானது. ஒரு நாளில் 86,400 விநாடிகள் உள்ளன. மீதி நேரத்தையும் பிடிக்க வேண்டுமென்று அமெரிக்காவில் நார்மன் ஹோல்டர் முயன்றார். அவருடைய முதல் கருவி சுமார் 38 கிலோ எடையுள்ள முதுகுச் சுமை. தன் முறையை விளக்கி அவர் 1961-ல் கட்டுரை வெளியிட்டார். இன்று அவர் பெயரால் வழங்கும் கருவி சட்டைப்பையில் அடங்கிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்குப் பதினோராவது வாரத்தில் கலைந்தது. இரண்டு மாதம் கழித்து, இரவில் படுத்ததும் நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கியது. மூன்று மருத்துவர்களைப் பார்த்தாள். கருவியை மாட்டிக்கொண்ட நாளில் எதுவும் வரவில்லை. கழற்றிய மறுநாள் இரவு வந்தது. அந்த ஒரு நாள் பதிவு அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. பிறகு அவள் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். பேச்சு நின்றதையே குணமானதன் அடையாளமாக வீட்டார் எடுத்துக்கொண்டார்கள்.

கருவி பொய் சொல்லவில்லை. அது பார்த்த 24 மணி நேரத்தைப் பற்றி உண்மையே சொன்னது. அதற்கு வெளியே உள்ள நேரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொன்னவர்கள் மனிதர்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்களில் பலருக்கு இதே மாதிரிப் படபடப்பு இருந்தது. ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் அவர்களில் சுமார் 300 பேரை ஆராய்ந்து 1871-ல் எழுதினார். பின்னால் அதற்குச் 'சிப்பாயின் இதயம்' என்றே பெயர் வந்தது. அதன் காரணத்தைப் பற்றிய விவாதம் முதல் உலகப் போர்க் காலத்திலும் ஓயவில்லை. ஆயினும் பெயர் கிடைத்தது, ஏனென்றால் எல்லோரும் அறிந்த ஒரு போர்க்களம் இருந்தது. கருச்சிதைவுக்கு அத்தகைய களம் கிடையாது. மேகம் கலைகிறது, கனவு கலைகிறது, கூட்டம் கலைகிறது. நம் பாஷையில் கருவும் கலைகிறது. மிச்சம் வைக்காமல் போகிறவற்றுக்கெல்லாம் உரிய வினை அது. இருந்த இடமே தெரியாமல் போன ஒன்றுக்காக உடம்பு ஏன் இன்னும் கலவரப்பட வேண்டும் என்று கேட்பதற்கு இந்த வினையே நம்மைப் பழக்கி வைத்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் கருச்சிதைவுக்கு 6 வாரச் சம்பள விடுப்பை வகுத்தது. அதற்கும் சான்று கேட்டது. சட்டம் அப்படித்தான் கேட்க முடியும். ஆனால் வீடும் அப்படிக் கேட்க வேண்டுமா?

மனத்தின் பங்கை நான் மறுக்கவில்லை. லண்டன் மருத்துவமனைகளில் நடந்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆரம்பக் கர்ப்பத்தை இழந்த பெண்களில் 29 சதவிகிதத்தினருக்கு ஒரு மாதம் கழித்தும், 18 சதவிகிதத்தினருக்கு ஒன்பது மாதம் கழித்தும் பேரதிர்ச்சியின் பின்விளைவுகள் தென்பட்டன. ஆனால் 'மனசு' என்பதை ஒரு காரணமாகச் சொல்வது வேறு, காரணம் கிடைக்காதபோது மிஞ்சிய இடத்துக்கு அதைப் பெயராக வைப்பது வேறு. முன்னதற்கு, வேறெதையும் போலவே, ஆதாரம் வேண்டும், சிகிச்சையும் தொடர வேண்டும். பின்னது, தேடுவதை நிறுத்திக்கொண்டதற்குச் சொல்லும் கௌரவமான பெயர்.

எழுதுகிறவர்களான நமக்கு இதற்கு நேர்மாறான ஒரு சபலம் உண்டு. சிசுவின் அணுக்கள் தாயின் இரத்தத்தில் 27 ஆண்டுகள் வரைகூடத் தங்கியிருப்பதை 1996-ல் டயானா பியாங்கியும் அவர் சகாக்களும் காட்டினார்கள். இதைப் படித்ததும் ஒரு கதை தானே உருவாகிவிடுகிறது: போன சிசு அவள் நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டிருக்கிறது. விஞ்ஞானம் அப்படி எதுவும் சொல்லவில்லை. அணுக்கள் இருப்பது ஒரு தகவல், படபடப்பு இன்னொன்று. இரண்டையும் இணைக்கும் கோடு நாம் போடுவது. அவள் கேட்டது காரணத்தை. நாம் தருவது அர்த்தத்தை. கேட்ட பொருள் இல்லையென்று சொல்லாமல் வேறொன்றைக் கட்டிக்கொடுக்கும் கடைக்காரனின் சாமர்த்தியம்தான் இது. மருத்துவர் 'ஒன்றுமில்லை' என்று மூடிய இடத்தை நாம் ஒரு படிமத்தால் மூடுகிறோம்.

பின் என்னதான் சொல்வது? தமிழில் 'தெரியவில்லை' என்பதற்குக் கண்ணுக்குப் புலப்படவில்லை என்றும் அறிவுக்கு எட்டவில்லை என்றும் இரண்டு பொருள். அதை முழுமையாகச் சொல்ல 'எனக்கு' என்ற சொல் வேண்டும். 'எனக்குத் தெரியவில்லை' என்கிறவன் அந்த வாக்கியத்துக்குள் தானும் வந்து நிற்கிறான். குறை அவன் பார்வையின் எல்லையில் இருக்கிறது. 'ஒன்றுமில்லை' என்பதில் பேசுகிறவன் இல்லை. இல்லாமை முழுவதும் அவள்மேல் ஏற்றப்படுகிறது.

'தெரியவில்லை' என்றால் அவள் மேலும் பயப்படமாட்டாளா, பயத்தினாலேயே நெஞ்சு இன்னும் அடித்துக்கொள்ளாதா என்று ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் 'ஒன்றுமில்லை' என்பதற்குள் இரண்டு கூற்றுகள் ஒட்டிக்கிடக்கின்றன. ஒன்று, ஆபத்தானது எதுவும் தென்படவில்லை என்பது. மற்றது, நீ சொல்வது நடக்கவில்லை என்பது. பயத்தைத் தணிப்பது முதல் கூற்று மட்டும்தான். சோதனைகள் அதற்கு இடம் தந்தால் அதைத் தாராளமாகச் சொல்லலாம். இரண்டாவதைச் சொல்ல எந்தச் சோதனையும் எவருக்கும் அதிகாரம் தரவில்லை. 'பார்த்தவரையில் ஆபத்து எதுவும் தென்படவில்லை. ஏன் வருகிறதென்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி வந்தால் வாருங்கள்' என்று சொல்ல அரை நிமிஷம்கூட ஆகாது. இந்த மூன்றில் கடைசி வாக்கியம்தான் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.